சங்கிலிக்கு ஒரு வக்காலத்து

டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆக வேண்டும். மூன்று வருஷ பி.காம். படிப்பின் சாரம் இவ்வளவுதான். இன்ஜினுக்குள்ளும் இதே சட்டம்தான் நடக்கிறது. கீழே கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கிராங்க் என்பது பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டு. கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு. பெட்ரோலும் காற்றும் உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதை கேம்தான் தீர்மானிக்கிறது. நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. நம்மூர் அரசு அலுவலகங்களில் ஒரு கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் மகிமை புரியும்.

கணக்கு டாலி ஆகாவிட்டால் ஆடிட்டர் வருவார். இன்ஜினில் டாலி ஆகாவிட்டால், பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழியில் நின்றுகொண்டிருக்கும். பல இன்ஜின்களில் இரண்டும் மோதிக்கொள்ளும். வளைவது வால்வு, அழுவது வண்டிக்காரர்.

இந்த இரண்டு தண்டுகளுக்கும் நடுவில் நின்று கணக்கை டாலி பண்ணுகிற குமாஸ்தா யார்? மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் டைமிங் செயின், சைக்கிள் செயினின் கொஞ்சம் கனமான ஒன்றுவிட்ட தம்பி. இன்னொருவர் டைமிங் கியர், பல்லோடு பல் பொருத்திக்கொண்டு நேராகச் சுற்றும் சக்கரங்கள். மூன்றாமவர் ரப்பர் பெல்ட். நம்ம மாருதி 800-ல் இருந்தது அதுதான். இந்த வாரம் பேசப்போவது முதல் இருவரைப் பற்றி.

விமர்சனம் என்றால் சினிமாவுக்கும் புத்தகத்துக்கும்தானா? ஓர் இயந்திர உறுப்பையும் விமர்சிக்கலாம். அது என்ன செய்வதாகச் சொல்கிறது, உண்மையில் என்ன செய்கிறது, இரண்டும் ஒன்றுதானா? இந்த மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். கியரிடம் இதைக் கேட்டுப் பார்த்தால் சில சுவாரஸ்யமான விஷயங்கள் வெளியே வருகின்றன.

*

இந்தச் சண்டை சூடாக நடப்பது அமெரிக்காவில். அங்கே இன்ஜின் கட்டுவது ஒரு பொழுதுபோக்கு. நம்மூரில் 'இன்ஜின் வேலை' என்றால் முகம் சுருங்கும், பர்ஸும் சுருங்கும். அங்கே சனிக்கிழமை ஆனால் கராஜைத் திறந்துவைத்துக்கொண்டு ஆசையாகச் செய்கிறார்கள். அவர்களின் செல்லப்பிள்ளை செவர்லேயின் 'ஸ்மால் பிளாக்' வி8. 1955-ல் வந்த வடிவம். 2011-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் குடும்பத்தின் 10 கோடியாவது இன்ஜினைக் கட்டி முடித்ததாகக் கொண்டாடியது. இத்தனை கோடி இன்ஜின் என்றால் உதிரி சாமான் விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்தானே! பிளாக் ஓரிடத்தில், கிராங்க் இன்னோரிடத்தில், பிஸ்டன் வேறிடத்தில் என்று கல்யாணச் சீர் வாங்குவதுபோல ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

அந்தச் சீர்ப் பட்டியலில் ஒரு வரி, டைமிங் செட். மலிவான ஒற்றை வரிசைச் செயின் வாங்கலாம். கொஞ்சம் கூடக் கொடுத்து இரட்டை வரிசை ரோலர் செயின் வாங்கலாம். இன்னும் கொடுத்தால் கியர் டிரைவ். 'வாங்குவதுதான் வாங்குகிறோம், உசத்தியாகவே வாங்கிடுவோமே' என்று மனசு சொல்லும் இடம் இது. ஜவுளிக் கடையில் மூன்றாவது மாடிக்குப் போகச் சொல்வதும் இதே மனசுதான்.

கியர் தரப்பு வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. செயின் நீளும், கியர் நீளாது. செயின் நீண்டால் கேம் பின்தங்கும். கேம் ஒரு டிகிரி பின்தங்கினால் கிராங்க் கணக்கில் அது இரண்டு டிகிரி. வால்வு தாமதமாகத் திறக்கும், தாமதமாக மூடும், குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். கியர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. போட்டது போட்டபடி நிற்கும்.

இதில் பொய் இல்லை. ஆனால் 'நீளும்' என்கிற வார்த்தையில் ஒரு சின்ன வக்கீல்தனம் இருக்கிறது. இரும்பு ஒன்றும் சூயிங்கம் மாதிரி இழுபடுவதில்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். அந்த இரண்டும் உரசி உரசிக் கொஞ்சம் தேய்கிறது. ஒரு கண்ணியில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது, அத்தனை கண்ணிகளிலும் சேரும்போது தெரியும். ஆகவே, நல்ல எஃகில் செய்த அகலமான செயினுக்குச் சுத்தமான எண்ணெய் போய்ச் சேர்ந்தால் தேய்மானம் மிக மெதுவாகவே நடக்கும். மட்டமான செயினுக்கு அழுக்கு எண்ணெய் ஊற்றினால் சீக்கிரம் தொங்கும். குறை செயின் என்கிற யோசனையில் இல்லை, அந்தக் குறிப்பிட்ட செயினில் இருக்கிறது.

அமெரிக்கர்களுக்குச் செயின்மேல் கோபம் வர ஒரு பழைய கதையும் காரணம். 1960-களில் கார்களின் உள்ளே சத்தம் வரக் கூடாது என்று கம்பெனிகள் கேம் பக்கத்துச் சக்கரத்தை அலுமினியத்தில் செய்து, பல்லுக்கு மட்டும் நைலான் போர்த்தின. புதுசில் அமைதியோ அமைதி. வருஷங்கள் போக, சூட்டில் வெந்த நைலான் உடைந்து விழுந்தது. விழுந்த துண்டுகள் சம்ப்பில் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் சல்லடையை அடைத்தன. செயின் தாண்டியது, சில இடங்களில் எண்ணெய் போகாமல் இன்ஜினே போனது. செய்தது நைலான், பழி விழுந்தது செயின் தலையில். அந்தத் தலைமுறை அப்பாக்கள், 'செயினை நம்பாதே' என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்தார்கள்.

*

கியர் போடுவதில் இன்னொரு சங்கதி உண்டு. இரண்டு பல்சக்கரங்களை நேராகப் பொருத்தினால் ஒன்று வலம் போனால் மற்றது இடம் போகும். செயின் அப்படியில்லை, இரண்டையும் ஒரே திசையில் சுற்ற வைக்கும். செயினுக்காகவே வடிவமைத்த ஸ்மால் பிளாக்கில் நேராக இரண்டு கியர் போட்டால் கேம் தலைகீழாகச் சுற்றும். அந்த கேமிலிருந்துதான் டிஸ்ட்ரிப்யூட்டர் சுற்றுகிறது, அதன் அடியில்தான் ஆயில் பம்ப். வீட்டுக்காரர் திரும்பிப் படுத்தால் குடும்பமே திரும்பிப் படுக்க வேண்டும் என்கிற கதை.

இதைச் சமாளிக்க நடுவில் ஒரு 'ஐட்லர்' சக்கரம் வைக்கிறார்கள். இரண்டு முறை திசை மாறி, கடைசியில் பழைய திசை. இதிலும் இரண்டு ஜாதி. ஐட்லரை பிளாக்கில் ஓட்டை போட்டு நிரந்தரமாகப் பொருத்துவது ஒன்று. இரண்டு ஐட்லர்களை ஜோடியாக இணைத்து, நடுவில் செருகி, அவையே தங்களுக்கான இடத்தைப் பார்த்து உட்கார விடுவது இன்னொன்று. இரண்டாவது வகைக்கு பிளாக்கில் கை வைக்க வேண்டாம் என்பதால் வீட்டு கராஜ்காரர்களுக்கு அதுதான் சௌகரியம்.

இந்த மிதக்கும் ஐட்லருக்கு ஒரு நிஜமான உபயோகம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பழைய பிளாக்கில் கிராங்க் உட்காரும் துளைகளைக் கடைந்து நேர் பண்ணுவார்கள். அப்படிக் கடையும்போது கிராங்க் மயிரிழை அளவு கேம் பக்கம் நகர்ந்துவிடும். வழக்கமான செயின் போட்டால் தொங்கும். அதற்கென்றே கொஞ்சம் குட்டையான செயின் தேடி வாங்க வேண்டும். மிதக்கும் ஐட்லர் இந்த வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். இந்த ஒரு காரணத்துக்காக ஒருவர் கியர் வாங்கினால் அவருக்கு ஒரு சல்யூட்.

ஆனால் பெரும்பாலோர் இதற்காகவா வாங்குகிறார்கள்? சத்தத்துக்காக வாங்குகிறார்கள் ஐயா, சத்தத்துக்காக!

நேராக வெட்டிய பல்சக்கரங்கள் வேகமாகச் சுற்றினால் 'ஊய்ங்ங்' என்று ஓர் ஊளை எழும். சூப்பர்சார்ஜர் வைத்த வண்டியிலும் கிட்டத்தட்ட இதே ஊளைதான். சூப்பர்சார்ஜர் என்பது காற்றை வலுக்கட்டாயமாக உள்ளே திணிக்கும் கருவி, காஸ்ட்லி சமாச்சாரம். அதை வாங்கக் காசில்லாதவர் அதன் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார். நான் மிகைப்படுத்தவில்லை. கியர் டிரைவ் விற்பவர்கள் 'சத்தம் போடுவது', 'சத்தம் போடாதது' என்று இரண்டு மாடல் வைத்தே விற்றிருக்கிறார்கள். துல்லியம்தான் கியரின் உயிர் என்றால், சத்தம் போடும் மாடல் எதற்கு? இந்தக் கேள்வி கேட்டாலே பாதி வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியேறிவிடுவார்கள்.

சத்தத்துக்குக் கொடுக்கும் விலை கடையில் கொடுத்ததோடு முடிவதில்லை. எலெக்ட்ரானிக் இன்ஜின்களில் 'நாக் சென்சார்' என்று ஒரு காது உண்டு. சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்தால் எழும் தட்டலைக் கேட்டு, உடனே ஸ்பார்க்கைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும். கியரின் இரைச்சல் இந்தக் காதைக் குழப்பிவிடக்கூடும். இன்ஜினுக்குள் ஏதோ விபரீதம் என்று நினைத்து அது ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும், பவர் குறையும். கூடுதல் பவருக்காகப் போட்ட சாமான், கையிலிருந்த பவரையும் பிடுங்கிக்கொள்கிறது.

'எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், அதற்காக வாங்குகிறேன்' என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது நேர்மையான ஆசை. கால் கொலுசு எதற்கு, நடப்பதற்கா? 'துல்லியத்துக்காக வாங்குகிறேன்' என்று சொல்லிக்கொண்டு கொலுசு வாங்குவதுதான் இடிக்கிறது.

*

துல்லியம் என்று பேச்சு வந்ததால் அதையும் ஒரு கை பார்த்துவிடலாம். கிராங்க் ஒரே சீராகச் சுற்றுவதாக நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அதற்கு ஓர் அடி விழுகிறது. எஃகுத் தண்டானாலும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபட்டு, நடுங்கிக்கொண்டேதான் சுற்றுகிறது. செயினில் இருக்கிற கொஞ்சம் தொய்வு இந்த நடுக்கத்தில் ஒரு பங்கை வாங்கி விழுங்கிவிடும். கியர் விழுங்காது. கீழே பட்ட அடியை அப்படியே மேலே கேமுக்கும் வால்வுக்கும் பட்டுவாடா பண்ணிவிடும். மேலதிகாரி திட்டியதை ஒரு வார்த்தை குறையாமல் கீழே இருப்பவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஹெட் கிளார்க் சில ஆபீஸ்களில் இருப்பார். துல்லியமானவர்தான், ஆனால் அந்த ஆபீஸில் யார் நிம்மதியாக வேலை செய்ய முடியும்?

இதற்கு சாட்சி சொல்ல உலகத்தின் மிகப் பெரிய பந்தய இன்ஜின்களில் ஒன்றையே கூண்டில் ஏற்றலாம். இங்கிலாந்தின் காஸ்வொர்த் டி.எஃப்.வி. ஃபோர்டு கம்பெனி 1,00,000 பவுண்டு கொடுக்க, கீத் டக்வொர்த் வடிவமைத்த வி8. கேம்களைச் சுற்ற கியர் வரிசை. 1967 ஜூன் 4, ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட்டில் முதல் பந்தயம். லோட்டஸ் காரில் கிரஹாம் ஹில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டார். கொஞ்ச தூரத்திலேயே நின்றுபோனார். காரணம் டைமிங் கியர். அதே இன்ஜின் போட்ட இன்னொரு லோட்டஸில் ஜிம் கிளார்க் ஜெயித்தார். ஒரே நாளில் ஒரே இன்ஜினுக்கு மாலையும் விழுந்தது, மண்ணும் விழுந்தது.

டக்வொர்த் என்ன பண்ணினார்? பல்லை இன்னும் கனமாக்கி முட்டி மோதிப் பார்த்துக்கொண்டே இருக்கவில்லை. நடுக்கம்தான் எதிரி என்று கண்டுபிடித்து, கியர் வரிசையில் ஒரு சக்கரத்துக்கு உள்ளே மெல்லிய எஃகுக் குச்சிகளை வைத்தார். அடி விழும்போது அந்தக் குச்சிகள் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், பிறகு நிமிரும். அதாவது, விறைப்பான கியருக்கு நடுவில் செயினின் குணத்தைக் கொஞ்சம் கொண்டுவந்து வைத்தார். அந்தக் குடும்பத்து இன்ஜின்கள் 1983 வரை 150-க்கும் மேற்பட்ட கிராண்ட் ப்ரீ பந்தயங்களில் ஜெயித்தன.

எனக்கு இதில் பிடித்தது, கியரை வைத்தே ஜெயித்தவர் கியரின் குறையை ஒப்புக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்த்ததுதான். கடையில் டப்பாவில் வைத்து விற்கும் கியர் டிரைவில் அந்தக் குச்சிகள் இருக்கின்றனவா என்று யாரும் கேட்பதில்லை. 'பந்தய இன்ஜினில் கியர்தான் போடுகிறார்கள்' என்கிற பாதி உண்மை போதுமானதாக இருக்கிறது. அதே பந்தய உலகத்தில், அமெரிக்க டிராக் ரேஸ் இன்ஜின்களில் நடுக்கத்தை விழுங்குகிறது என்பதற்காகவே ரப்பர் பெல்ட் போடுகிறவர்கள் பலர் உண்டு. அதை டப்பாவில் யாரும் எழுதுவதில்லை.

*

அடுத்த சாட்சி ஜப்பானிலிருந்து. 1980-களின் தொடக்கத்தில் ஹோண்டா வி4 மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்தது. 1983-ல் வி.எஃப்.750 எஃப். கேம் சுற்றியது செயினில். ஆரம்பகால வண்டிகளில் கேமின் முகடுகள் தேய ஆரம்பித்தன. மேலே எண்ணெய் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. ஹோண்டாவா இப்படி என்று ஜனங்கள் திகைத்தார்கள். இன்ஜினைத் திறந்தே பார்க்க வேண்டாம் என்ற நம்பிக்கையில்தானே ஹோண்டா வாங்குகிறார்கள்!

1986-ல் வி.எஃப்.ஆர்.750 எஃப் வந்தது. கேம்களுக்குக் கியர். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளியே இல்லாமல் இருக்க, ஒரு சக்கரத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் ஸ்பிரிங் வைத்து, கத்தரிக்கோல் மாதிரி கவ்வ வைத்திருந்தார்கள். அழகான வேலை, செலவு பிடித்த வேலை. தேய்ந்தது கேம் முகடு, குற்றவாளி எண்ணெய் என்று பேச்சு, மாற்றியதோ செயினை! மற்றதையும் சரி செய்தார்கள்தான், ஆனால் ஊருக்குக் காட்டியது கியரை. கணக்குப் படித்தவன் பார்வையில் இது பாதி இன்ஜினீயரிங், பாதி குட்வில். கெட்டுப்போன பேரைத் திரும்ப வாங்க ஹோண்டா செலவழித்த பணம். செலவு வீண் போகவில்லை. அதே வம்சத்து ஆர்.சி.30 வண்டியில் ஃப்ரெட் மெர்க்கல் 1988, 1989 இரண்டு வருஷமும் உலக சூப்பர்பைக் சாம்பியன் ஆனார்.

பிறகு 2002. புது வி.எஃப்.ஆர்.800. ஹோண்டா சத்தமில்லாமல் செயினுக்குத் திரும்பிவிட்டது. எடை குறையும், இரைச்சல் குறையும், செலவும் குறையும். பதினாறு வருஷத்தில் செயினும் டென்ஷனரும் தேறிவிட்டன. ரசிகர்கள் கொதித்தார்கள். 'அந்தக் கியர் ஊளை போச்சே' என்பதுதான் ஒப்பாரி. 'இப்போது கேம் டைமிங் சரியில்லையே' என்று அழுதவர் அநேகமாக இல்லை. இந்த ஒப்பாரியை விடப் பெரிய சாட்சியம் என் தரப்புக்கு வேண்டுமா? கியர் இத்தனை வருஷமாக அவர்களுக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள்.

*

இதெல்லாம் வெளியூர் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். நம்ம திருவொற்றியூரிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. 1955 முதல் சென்னையில் தயாரான புல்லட்டில் கேம் சுற்றியது கியரில்தான். அது பந்தயப் பெருமைக்காக இல்லை. புல்லட்டில் கேம் கீழேயே, கிராங்குக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கிருந்து நீளக் குச்சிகள் மேலே போய் வால்வைத் தள்ளின. பக்கத்து வீட்டுக்குப் போக பஸ் எதற்கு? இரண்டு மூன்று சக்கரம் போதும், மலிவு, உழைக்கும். மூடியைத் திறந்தால் மெக்கானிக்குக் கண்முன்னே தெரியும்.

பிறகு கேம் மாடிக்குக் குடிபோனது. 2020-ல் வந்த மீட்டியார் 350-ல் கேம் சிலிண்டருக்குத் தலைக்கு மேலே, சுற்றுவது செயின். 2023-ல் புல்லட் 350-க்கும் அதே இன்ஜின் வந்தது. மாடிக்குப் போக கியர் வேண்டுமென்றால் படிக்கட்டு மாதிரி சக்கரத்துக்கு மேல் சக்கரம் அடுக்க வேண்டும். எடை, சத்தம், செலவு. செயின் என்றால் ஒரே வீச்சு. இந்த மாற்றத்தில் உசத்தியும் தாழ்த்தியும் இல்லை, தூரம்தான் தீர்மானித்தது. கிராங்குக்கும் கேமுக்கும் எவ்வளவு தூரம் என்கிற கேள்விக்கு முன்னால் பாரம்பரியம், வீரம், ஆண்மை இத்யாதி எதுவும் செல்லுபடி ஆகாது.

லாரி, பஸ் டீசல் இன்ஜின்களில் கியர்தான் இன்னமும் ராஜா. அங்கே அது நியாயமான ராஜா. டீசலை அழுத்தும் பம்பைச் சுற்றவே நிறைய பலம் வேண்டும், லட்சக்கணக்கான கிலோமீட்டர் திறக்காமல் ஓட வேண்டும். இரைச்சல் பற்றி டிரைவர் புகார் சொல்லப்போவதில்லை, அவருக்கு ஹாரனே சங்கீதம். வேலைக்கு ஏற்ற ஆள்.

*

வக்காலத்து வாங்கிவிட்டேன் என்பதற்காகக் கட்சிக்காரரின் தப்பை மறைக்க மாட்டேன். செயினுக்கும் ஒரு புளுகு உண்டு. அதன் பேர் 'லைஃப்டைம்'.

பெல்ட் என்றால் இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். செயின் இன்ஜின்களுக்கு அப்படி எதுவும் போடாமல் 'இன்ஜின் உள்ளவரை உழைக்கும்' என்று விற்றார்கள். யாருடைய ஆயுசு என்று யாரும் கேட்கவில்லை. எடையும் உராய்வும் குறைய வேண்டுமென்று செயினை ஒல்லியாக்கினார்கள், எண்ணெய் மாற்றும் இடைவெளியை நீட்டினார்கள். பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜின் 2007-ல் வந்தது. செயின் முன்பக்கம் இல்லாமல் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. செயின் தேய்ந்த புகார்கள் கிளம்பியபோது, அதை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டியிருந்தது. சாமான் விலை கொஞ்சம், கூலி மலையளவு. பீரோவுக்குப் பின்னால் ஃப்யூஸ் பாக்ஸை வைத்த கதை.

ஆக, செயின் மேல் வைக்க வேண்டிய விமர்சனம் 'அது தேயும்' என்பது இல்லை. தேயாதது எது? தேய்ந்தால் தெரியுமா, தெரிந்தால் கை எட்டுமா? இந்த இரண்டுக்கும் வழி வைக்காமல் மூடிவைத்துவிட்டு 'லைஃப்டைம்' என்று ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் குற்றம்.

அப்படியானால் பழைய வி8 கட்டுகிறவர் எதை வாங்கலாம்? ரோட்டில் ஓட்டத்தானா? நல்ல கம்பெனி இரட்டை வரிசை ரோலர் செயின் போதும். கீழ்ச் சக்கரத்தில் மூன்று, அதற்கு மேலும் சாவிப் பள்ளங்கள் வைத்த செட்டாக இருக்கட்டும். கேமை ஓரிரு டிகிரி முன்னே பின்னே நகர்த்திப் பொருத்த அது உதவும். மிச்சமாகும் பணத்தில் ஒரு டிகிரி வீல், ஒரு டயல் கேஜ் வாங்கி, கேம் உண்மையிலேயே சொன்ன இடத்தில்தான் திறக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். இதுதான் ஆடிட். கியர் போட்டுவிட்டு அளக்காமல் மூடுகிற இன்ஜினை விட, செயின் போட்டு அளந்து மூடுகிற இன்ஜின் துல்லியமானது. துல்லியத்தைக் கடையில் விற்க மாட்டார்கள், அளக்கிற கைக்குத்தான் அது வரும்.

பிளாக்கைக் கடைந்ததில் கிராங்க் நகர்ந்துவிட்டதா? மிதக்கும் ஐட்லர் கியரைத் தாராளமாக யோசிக்கலாம். ஊளைச் சத்தம் பிடித்திருக்கிறதா? அதையும் வாங்கலாம், ரசீதில் 'கொலுசு' என்று எழுதிக்கொண்டு.

வி8 கட்டாத நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது முதல் சில விநாடிகள் இன்ஜின் பக்கத்திலிருந்து 'சரசர' என்று செயின் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். எண்ணெய் மேலே ஏறியதும் அடங்கிவிட்டால், 'அடங்கிடுச்சே' என்று கிளம்பிப் போகாதீர்கள். டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள், எண்ணெயைப் புத்தகத்தில் போட்ட கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள். செயின் ஒரு நல்ல குமாஸ்தா. உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரேயடியாக விழுவதற்கு முன்னால் பெரும்பாலும் லீவ் லெட்டர் கொடுத்துவிடும். அதைப் படிக்காமல் டிராயரில் போட்டு மூடிவிட்டு, பிறகு 'செயினை நம்பக் கூடாது சார்' என்று சொல்வது நியாயமில்லை.